லண்டனிலிருந்து ஒரு நாள் கோச் டூர்: மூன்று ஊரா, இரண்டு ஊரா?

ஜூன் நடுவில் அப்பா அம்மாவோடு லண்டன் வருகிறீர்கள், அதில் ஒரே ஒரு நாள்தான் வெளியூருக்கு ஒதுக்க முடியும், விண்ட்சர்–ஸ்டோன்ஹெஞ்ச்–பாத் என்று ஒரு கோச் (சுற்றுலாப் பேருந்து) டூரும் ஆக்ஸ்ஃபோர்ட்–காட்ஸ்வோல்ட்ஸ்–ஸ்ட்ராட்ஃபோர்ட் என்று இன்னொன்றும் பார்த்து வைத்திருக்கிறீர்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடமாக இங்கே இருக்கிறேன், ஊரிலிருந்து வருகிற பெரியவர்களை இந்த இரண்டு பக்கமும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்: இரண்டையுமே அப்படியே எடுக்காதீர்கள். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டம், பாத் என்ற வெந்நீர் ஊற்று ஊர், இந்த இரண்டுக்கு மட்டும் போகிற டூர் இருக்கிறது, அதைப் பிடியுங்கள். விண்ட்சருக்கு வேறொரு நாள் அரை நாளில் ரயிலில் போய் வந்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் டூர் தேவையில்லை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

காரணம், கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். இந்த டூர்கள் பெரும்பாலும் காலை எட்டு மணிவாக்கில் விக்டோரியா பக்கத்திலிருந்து கிளம்பி ராத்திரி எட்டு மணிவாக்கில் திரும்பும். பன்னிரண்டு மணி நேரம் என்றதும் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். லண்டனிலிருந்து விண்ட்சர் 40 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் காலை நெரிசலில் ஊரைவிட்டு வெளியே வருவதற்கே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அங்கிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து பாத் சுமார் 55 கிலோமீட்டர்தான், ஆனால் வில்ட்ஷயர் கிராமங்களுக்குள் வளைந்து வளைந்து போகிற சாலை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாத்திலிருந்து லண்டன் 185 கிலோமீட்டர், இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். ஆக ஆறு, ஆறரை மணி நேரம் சீட்டிலேயே போய்விடுகிறது. மிச்சமிருக்கிற நேரத்தை மூன்று இடத்துக்குப் பங்கு போட வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் ஐம்பது பேர் இறங்குவது, கழிப்பறை வரிசை, நுழைவுச் சீட்டு கையில் வருவது, திரும்ப வந்து தலை எண்ணுவது என்று கால் மணி, இருபது நிமிடம் தனியாகப் போகும். கடைசியில் அடிபடுவது எப்போதுமே பாத்தான். மூன்று ஊர் டூரில் பாத்துக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மூன்றிலும் அதிக நேரம் கேட்கிற ஊர் அதுதான், அதற்குத்தான் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

வழிகாட்டி அவசரப்படுத்துகிறாரே என்று கோபப்பட வேண்டாம். இங்கே ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் அதற்குள் 45 நிமிட ஓய்வு கட்டாயம் எடுத்தாக வேண்டும், ஒரு நாளில் ஓட்டும் நேரம் வழக்கமாக ஒன்பது மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, எல்லாம் வண்டியில் உள்ள கருவியில் பதிவாகும். கோச்சின் வேகமும் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி பூட்டப்பட்டிருக்கும். அதனால் ஒரு இடத்தில் பத்து நிமிடம் தாமதமானால் அதை ரோட்டில் பிடிக்க வழியே இல்லை, அடுத்த ஊரில்தான் கழித்துக்கொள்வார்கள்.

விண்ட்சரை ஏன் விடச் சொல்கிறேன் என்றால் அது நன்றாக இல்லை என்பதால் இல்லை. வில்லியம் மன்னர் 1070 வாக்கில் கட்டத் தொடங்கிய கோட்டை, இன்றும் அரச குடும்பம் புழங்குகிற இடம், 1992 நவம்பரில் தீப்பிடித்து நூறு அறைகளுக்கு மேல் சேதமாகி ஐந்து வருடத்தில் மீட்டெடுத்தார்கள், எது பழசு எது புதுசு என்று கண்டுபிடிப்பது கஷ்டம். எட்டாம் ஹென்றி, இரண்டாம் எலிசபெத் எல்லாரும் அடக்கமாகியிருக்கிற செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் உள்ளேயே இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் விழுந்தபோது திப்பு சுல்தானின் சிம்மாசனத்திலிருந்து எடுத்துவந்த தங்கப் புலித் தலையும் அங்கேதான் கண்ணாடிப் பெட்டிக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் முன்னால் நம்மவர்கள் யாரும் சட்டென்று நகர்ந்து போய் நான் பார்த்ததில்லை. புது தில்லியைக் கட்டிய அதே லட்யன்ஸ் வடிவமைத்த பொம்மை வீடு ஒன்றும் இருக்கிறது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், விளக்கு எரியும். இதையெல்லாம் நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். வாட்டர்லூவிலிருந்து நேர் ரயில், ஒரு மணி நேரம்; பாடிங்டனிலிருந்து போனால் ஸ்லவ்வில் மாறி, கோட்டைக்கு எதிரிலேயே போய் இறங்கலாம். செவ்வாய், புதன் கோட்டை மூடியிருக்கும், ஞாயிறு அன்று தேவாலயத்துக்குள் சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள், இதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஸ்டோன்ஹெஞ்சுக்கு வருவோம். எம்3 நெடுஞ்சாலையை விட்டு ஏ303 சாலைக்கு வந்ததும் நிலம் மாறுவது தெரியும். வீடுகள் குறைந்து, கோதுமையும் புல்லுமாக அலை அலையாக வெட்டவெளி. போகும்போது வலது பக்க ஜன்னல் கிடைத்தால் அம்மாவை அங்கே உட்கார வையுங்கள், ஏம்ஸ்பரி ஊரைத் தாண்டி ஒரு மேடு ஏறி இறங்கும்போது வலப்பக்கம் வயல் நடுவில் கற்கள் சட்டென்று தெரியும். சாலை அந்த இடத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒரே தடம்தான், எல்லாரும் பார்த்துக்கொண்டே ஓட்டுவதால் வண்டிகள் ஊரும். சாலையைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகப் பல வருடம் திட்டம் போட்டு, கடைசியில் 2024இல் அரசு கைவிட்டுவிட்டது. அதனால் இந்த முதல் காட்சி இன்னும் பல காலம் இருக்கும்.

பார்வையாளர் மையம் கற்களிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, 2013 டிசம்பரில் திறந்தது. அங்கிருந்து சிறிய பஸ்ஸில் கொண்டுபோய் விடுவார்கள், அம்மாவுக்கு நடை பிரச்சினை இல்லை. கற்களைச் சுற்றி ஒரு பாதை, கயிறு கட்டியிருக்கும், உள்ளே போக முடியாது. நிறையப் பேர் இங்கேதான் ஏமாற்றம் அடைகிறார்கள், "இவ்வளவுதானா" என்று பத்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால் அந்தப் பாதையிலேயே ஒரு மணி நேரம் நிற்கலாம்.

முதலில், எல்லாம் ஒரே கல் இல்லை. உயரமாக நிற்கிற பெரிய சாம்பல் நிறக் கற்கள் சார்சன், ஒவ்வொன்றும் இருபது டன்னுக்கு மேல், சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே மார்ல்பரோ பக்கத்துக் காட்டிலிருந்து வந்தவை என்று 2020இல் ஆய்வில் உறுதி செய்தார்கள். அவற்றுக்கு நடுவே ஆள் உயரத்தில் சின்னச் சின்னதாக நிற்பவை நீலக்கற்கள், வேல்ஸில் பிரெசெலி மலையிலிருந்து வந்தவை, 240 கிலோமீட்டர் தூரம். நடுவில் படுத்துக் கிடக்கிற பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024இல் தெரியவந்தது, அது சுமார் 750 கிலோமீட்டர். சக்கர வண்டி இல்லை, இரும்பு இல்லை, நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சின்னக் கற்களைப் பாருங்கள், பெரியவற்றை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்.

இரண்டாவது, பாதையின் ஒரு பக்கம் வரும்போது எல்லாவற்றையும்விட உயரமாக ஒற்றைக் கல் ஒன்று நிற்கும், தரைக்கு மேலே ஆறரை மீட்டர் இருக்கும். அதன் துணைக் கல் விழுந்துவிட்டது, மேலே இருந்த குறுக்குக் கல்லும் கீழே கிடக்கிறது. அந்த உயரமான கல்லின் தலையைக் கவனியுங்கள், குமிழ் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். நம் ஊர்த் தச்சர் கட்டில் காலையும் சட்டத்தையும் சேர்க்கும்போது ஒன்றில் முனை செதுக்கி இன்னொன்றில் துளை போட்டு இறக்குவாரே, அதே வேலை, கல்லில் செய்திருக்கிறார்கள். மேலே வைத்த குறுக்குக் கல்லின் அடியில் அதற்கான குழி இருக்கும். வட்டத்தின் மேல் வளையத்தில் பக்கத்துப் பக்கத்துக் கற்களும் ஒன்றுக்குள் ஒன்று கவ்வுகிற மாதிரி செதுக்கப்பட்டவை. மரவேலை தெரிந்தவர்கள் கல்லை எடுத்து வேலை செய்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் குமிழ் தெளிவாகத் தெரியும். இந்தக் கல் சாய்ந்து விழுகிற நிலையில் இருந்தது, 1901இல்தான் நிமிர்த்தி நிறுத்தினார்கள். இடுக்குகளில் காக்கை இனப் பறவைகள் கூடு கட்டியிருக்கும், ஜூனில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த இடம் நூறு வருடத்துக்கு முன்னால் தனியார் சொத்து. 1915இல் ஏலத்துக்கு வந்தது, செசில் சப் என்ற உள்ளூர் வழக்கறிஞர் 6,600 பவுண்டுக்கு எடுத்தார், மூன்று வருடத்தில் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். நாற்காலி வாங்கப் போனவர் கல்லை வாங்கிவிட்டு வந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள், வழிகாட்டியும் கட்டாயம் சொல்வார்.

காற்று பயங்கரமாக அடிக்கும், ஜூனிலும் குளிரும். குடை அங்கே உதவாது, தொப்பி வைத்த மழைச் சட்டை ஒவ்வொருவருக்கும் வேண்டும். மையத்துக்கு வெளியே அந்தக் கால மனிதர்கள் வாழ்ந்த வீடுகளைப் புல் கூரை போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே போய் உட்காரலாம், அப்பாவுக்குப் பிடிக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தால் இங்கே வெளியே மேசையில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கோச்சுக்குள் சூடான சாப்பாடும் மணம் வருகிற சாப்பாடும் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம் எல்லாம் இங்கே பிரித்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

சில இரண்டு ஊர் டூர்கள் வழியில் லேக்காக் என்ற கிராமத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தும். அது கிடைத்தால் மறுக்காதீர்கள். ஊர் முழுக்கவே கிட்டத்தட்ட நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் வசம், நாலே தெரு, கூரை சாய்ந்த பழைய வீடுகள். அங்குள்ள பழைய மடத்தின் வீட்டுக்காரர் ஃபாக்ஸ் டால்பட் 1835இல் தன் வீட்டு ஜன்னலைப் படம் பிடித்தார், இன்றுவரை தப்பியிருக்கிற புகைப்பட நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். அந்த ஜன்னல் இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது பாத். கோச் ஒரு சரிவில் இறங்கும்போது கீழே கிண்ணம் மாதிரிப் பள்ளத்தாக்கு, அதில் ஒரு ஊர் முழுக்கத் தேன் நிறக் கல்லில், எல்லா வீடும் ஒரே நிறம். பக்கத்துக் குன்றுகளில் வெட்டிய சுண்ணாம்புக் கல். பதினெட்டாம் நூற்றாண்டில் வெந்நீர் ஊற்றுக்காகப் பணக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தபோது மளமளவென்று கட்டிய ஊர். ஆனால் அதற்கு ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னாலேயே ரோமானியர்கள் அந்த ஊற்றைச் சுற்றிக் குளியல் கூடமும் கோயிலும் கட்டிவிட்டார்கள். மூன்று மணி நேரம் கிடைத்தால் ஒன்றரை மணி நேரத்தை இந்த ரோமானியக் குளியல் கூடத்துக்கே கொடுங்கள். டூரில் இதன் நுழைவுச் சீட்டு சேர்ந்திருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே பாருங்கள், பல டூர்களில் சேராது, தனியாக எடுத்தால் ஆளுக்கு இருபது பவுண்டுக்கு மேல், நேரம் குறித்துத்தான் சீட்டு தருவார்கள்.

உள்ளே போனதும் முதலில் மேல்மாடியிலிருந்து பெரிய குளத்தைப் பார்ப்பீர்கள், பச்சையாக, ஆவி பறந்துகொண்டு. அந்த மேல்மாடியில் வரிசையாக நிற்கிற ரோமானியப் பேரரசர்களின் சிலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தவை. கீழே இறங்கினால் தூண்களின் அடிப்பகுதி வரைக்கும்தான் ரோமானியர் வேலை, அதற்கு மேலே எல்லாம் விக்டோரியா காலத்து ஆட்கள் கட்டியது. தண்ணீர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் வெயில் பட்டு வளர்கிற பாசி. ரோமானியர் காலத்தில் மேலே பெரிய வளைவுக் கூரை இருந்தது, அப்போது தண்ணீர் தெளிவாக இருந்திருக்கும். குளத்தின் தரையில் 45 ஈயத் தகடுகள் பதித்திருக்கிறார்கள், இன்னும் ஒழுகாமல் நிற்கிறது.

ஊற்றிலிருந்து நாளொன்றுக்கு 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் தண்ணீர், 46 டிகிரி சூட்டில், தானாக வருகிறது. பல்லாயிரம் வருடத்துக்கு முன்னால் மெண்டிப் குன்றுகளில் பெய்த மழை பாறைக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டில் சூடேறி, ஒரு பிளவு வழியாக மேலே வருகிறது. மிஞ்சிய தண்ணீர் வெளியேற ரோமானியர்கள் கட்டிய வடிகால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வளைவுக்கு அடியில் வெந்நீர் கொட்டி, அது பட்ட கல்லெல்லாம் செம்மஞ்சளாகக் கறை பிடித்திருக்கும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள், முகத்தில் வெக்கை அடிக்கும்.

இந்த ஊற்றுக்குத் தெய்வம் சூலிஸ். உள்ளூர்க்காரர்களின் தெய்வம். ரோமானியர்கள் வந்து தங்கள் மினர்வாவையும் சூலிஸையும் ஒன்றாக்கி சூலிஸ் மினர்வா என்று கும்பிட்டார்கள், ஊருக்கும் சூலிஸின் நீர் என்றே பெயர் வைத்தார்கள். மினர்வாவின் பொன்முலாம் பூசிய வெண்கலத் தலை 1727இல் சாக்கடை தோண்டும்போது கிடைத்தது, அருங்காட்சியகத்தில் தனியாக இருட்டில் வைத்திருக்கிறார்கள். ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை அதற்கு முன்னால் வருகிற ஈயத் தகடுகள்தான். உள்ளங்கை அளவு, மெல்லிசு. எதையாவது திருட்டுக் கொடுத்தவர்கள், எடுத்தவனைத் தண்டிக்கச் சொல்லித் தெய்வத்துக்கு எழுதி, மடித்து, ஊற்றில் போட்டிருக்கிறார்கள். நூற்று முப்பது வரை கிடைத்திருக்கின்றன. டோசிலியானஸ் என்று ஒருவர், அவருடைய முக்காடு வைத்த மேலங்கியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எடுத்தது ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திர ஆளோ, அந்த அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவனுக்குத் தூக்கமும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். குளிக்கப் போனபோது துணியைக் களவு கொடுத்த ஒரு மனிதனின் வயிற்றெரிச்சல், ஆயிரத்து அறுநூறு எழுநூறு வருடம் தண்ணீருக்கடியில் கிடந்துவிட்டு, நம் கண்ணுக்கு முன்னால். அந்த எழுத்தைக் கீறல் கீறலாகப் பார்க்கலாம். பேரரசர் சிலைகளைத் தாண்டிப் போய்விடுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியில் அந்த ஊற்று நீரைச் சுத்தம் செய்து குடிக்கத் தருவார்கள். வெதுவெதுப்பாக, கொஞ்சம் இரும்பு வாசனையோடு இருக்கும், ஒரு மடக்கு போதும். பெரிய குளத்தில் கையை விடக் கூடாது என்று எழுதியிருப்பார்கள், அதை மதியுங்கள், அது சுத்திகரிக்காத தண்ணீர். உள்ளே லிஃப்ட் உண்டு, ஆனால் குளத்தைச் சுற்றியுள்ள ரோமானியத் தளக்கற்கள் ஏற்றத்தாழ்வாக, ஈரமாக இருக்கும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தால் எதிரிலேயே தேவாலயம். முகப்பில் இரண்டு பக்கமும் கல்லில் நீள ஏணிகள், அதில் தேவதைகள் ஏறிக்கொண்டிருப்பார்கள், கூர்ந்து பார்த்தால் சிலர் தலைகீழாக இறங்குவதும் தெரியும். இதே இடத்தில் இருந்த பழைய தேவாலயத்தில்தான் 973இல் எட்கர் மன்னருக்கு இங்கிலாந்தின் அரசராக முடிசூட்டினார்கள். உள்ளே போக நேரமில்லை என்றாலும் முகப்புக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் பல்ட்னி பாலம், இருபுறமும் கடைகள் கட்டியிருப்பதால் நடக்கும்போது பாலத்தில் இருப்பதே தெரியாது. ஆற்றோரம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்தான் அதன் அழகும் தடுப்பணையில் தண்ணீர் விழுவதும் தெரியும். ராயல் கிரெசன்ட் என்ற பிறை வடிவ வீட்டு வரிசை, 1767இல் தொடங்கி எட்டு வருடத்துக்குள் முடித்த முப்பது வீடுகள், அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஊர் நடுவிலிருந்து இருபது நிமிடம் மேடு ஏற வேண்டும், அம்மாவால் முடியாது. அப்பா போக ஆசைப்பட்டால் மூன்று பேருமாக டாக்ஸியில் போய், பார்த்துவிட்டு, அதே வண்டியில் இறங்கிவிடுங்கள். முன்பக்கம் ஒரே அச்சாக நிற்கிற அந்த வரிசையின் பின்பக்கம் போனால் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி, ஏனென்றால் முகப்பை மட்டும் கட்டடக் கலைஞர் தீர்மானித்தார், பின்னால் அவரவர் இஷ்டம்.

சைவம் என்றால் கவலைப்படாதீர்கள், சீஸும் வெங்காயமும் வைத்த பேஸ்ட்ரி எங்கேயும் கிடைக்கும், சாலி லன் கடையின் பெரிய பன்னில் இலவங்கப்பட்டை வெண்ணெய் தடவித் தருவார்கள், ஒன்று வாங்கி மூவரும் பகிர்ந்துகொள்ளலாம். கோச் கிளம்பும் இடத்தையும் நேரத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் முன்னாலேயே அங்கே இருங்கள். யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். தவறவிட்டால் பாத் ஸ்பா நிலையத்திலிருந்து பாடிங்டனுக்கு ரயில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் அந்த நேரத்தில் வாங்குகிற டிக்கெட் மூன்று பேருக்கும் சேர்த்து நெஞ்சடைக்க வைக்கும். திரும்பும்போது எம்4 சாலையில் லண்டனை நெருங்குகையில் வலப்பக்கம் தூரத்தில் விண்ட்சர் கோட்டை தெரியும், ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால் பார்த்துவிடலாம்.

இரண்டாவது டூரைப் பற்றி. ஸ்ட்ராட்ஃபோர்ட் லண்டனிலிருந்து 160 கிலோமீட்டர், ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டை அவசரமாகப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு அது ரொம்பத் தூரம். ராத்திரி தங்கி நாடகம் பார்ப்பதாக இருந்தால் போகலாம், தாகூரின் மார்பளவுச் சிலை அந்த வீட்டுத் தோட்டத்தில் இருக்கிறது. காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களுக்குப் பெரிய கோச்சில் போவதை நான் ஆதரிப்பதில்லை. பிபரியில் ஆர்லிங்டன் ரோ என்ற குட்டி வீட்டு வரிசைக்கு முன்னால் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கி, அங்கே குடியிருப்பவர்கள் கதவைத் திறக்க முடியாத அளவுக்கு நிற்கிறார்கள். அந்தச் சந்துகள் அதற்குக் கட்டியவை இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டை மட்டும் தனியாகச் செய்யுங்கள், விக்டோரியாவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்ட் டியூப் என்ற சாதாரண பஸ் நாள் முழுக்க ஓடுகிறது, பாடிங்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அங்குள்ள கல்லூரிகளை விட்டுத்தள்ளுங்கள், அதற்கு எல்லா வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். எந்த டூரும் காட்டாத ஒரு இடத்தைச் சொல்கிறேன். வால்டன் தெருவில் ஒரு குறுகலான வழி உள்ளே போகும், வாசலில் ஒரு சின்னக் கல் வீடு, அதைத் தாண்டினால் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். திருக்குறளை 1886இலும் திருவாசகத்தைத் தன் எண்பதாவது வயதில் 1900இலும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி.யு. போப் அங்கேதான் இருக்கிறார். 1839இல் சென்னைக்கு வந்தவர், சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி என்று வாழ்ந்துவிட்டு, இங்கே வந்து பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்தவர், 1908இல் இறந்தார்.

அவர் கல்லறையில் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று எழுதியிருப்பதாகப் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வந்திருப்போம். போய்ப் பார்த்தால் அப்படி ஒரு வரி அதில் இல்லை. ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது: தென்னிந்தியாவைச் சேர்ந்த ஜார்ஜ் உக்ளோ போப், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியில் பாதிரியாராகவும் இருந்தவர் என்று. அதன் பிறகு, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்று வருகிறது. கனடாவில் பிறந்தவரை "தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்" என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள், அவருடைய தமிழ் நண்பர்களையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். இல்லாத வரியைவிட இருக்கிற இந்த வரிகள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. அப்பா திருக்குறள் படிக்கிறவர் என்றால் கட்டாயம் கூட்டிப் போங்கள், நிலம் புல்லும் மேடுபள்ளமுமாக இருக்கும், அம்மாவுக்குக் கைத்தடி வேண்டும்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம், நுழைவு இலவசம். கும்பகோணம் பக்கத்து சுந்தரப்பெருமாள் கோயிலிலிருந்து போன திருமங்கை ஆழ்வார் செப்புத் திருமேனியை 1967இல் ஏலத்தில் வாங்கி வைத்திருந்த இடம் இது. கோயிலில் அந்தத் திருமேனி இருந்ததைக் காட்டும் 1957ஆம் வருடத்துப் புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்தது. அதை வைத்துத்தான் விஷயம் வெளியே வந்தது, 2024இல் பல்கலைக்கழகம் திருப்பித் தருவதற்கு ஒப்புக்கொண்டது. பிராட் தெரு மூலையில் பழைய இந்தியவியல் கட்டடத்தின் உச்சியில் காற்று காட்டியாக ஒரு யானை நிற்கும், அண்ணாந்து பாருங்கள்.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஜூன் 20, 21 ஒட்டி ஸ்டோன்ஹெஞ்சில் நெடும்பகல் விழா, அன்று ராத்திரி முழுக்க மக்களை உள்ளேயே விடுவார்கள், மறுநாள் வழக்கமான நேரம் மாறும், டூர்களும் மாறும். அதே மாத நடுவில் ஐந்து நாள் ராயல் ஆஸ்காட் குதிரைப் பந்தயம், விண்ட்சர் பக்கத்துச் சாலையெல்லாம் திணறும், அந்த வாரத்துத் திங்கள்கிழமை கோட்டைக்குள் அரச சடங்கு ஒன்று நடப்பதால் பார்வையாளர்களை வழக்கம்போல விட மாட்டார்கள். கிளாஸ்டன்பரி இசை விழா நடக்கிற வருடமானால் மாதக் கடைசியில் ஏ303 நகராது. வெள்ளிக்கிழமை மதியமும் ஞாயிறு மாலையும் எந்த வாரத்திலும் வேண்டாம். பத்திலிருந்து பதினைந்து தேதிக்குள் வருகிற ஒரு புதன் அல்லது வியாழனைப் பாருங்கள், ரோமானியக் குளியல் கூடத்தின் சீட்டு சேர்ந்திருக்கிறதா, பாத்தில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்று இரண்டையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைவு என்று சொன்னால் வேறு டூர் தேடுங்கள்.